இரண்டு வாளி முறை

இரண்டு வாளி முறையைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதைப் பற்றிப் பதினான்கு பக்கத்தில் ஒரு கையேடு இருக்கிறது. அட்டையில் நான் அசட்டுச் சிரிப்பு சிரிக்கும் படம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் பேஸ்பால் கழகத்தின் பெரிய அணிக்குக் கீழே உள்ள சிறிய அணிகள் அத்தனையிலும், டொமினிக்கன் நாட்டில் நாங்கள் வைத்திருக்கும் முகாமிலும், பந்து பிடிக்கும் கேட்சர்கள் காலையில் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறார்கள். எப்படிச் செய்வது என்று கையேட்டில் விலாவாரியாக எழுதியிருக்கிறது. அதை ஏன் கண்டுபிடித்தேன் என்பது மட்டும் அதில் இல்லை.

முறை ரொம்ப எளிது. பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டில் ஒரு வாளி நிறையப் பந்து. அறுபது அடி தள்ளிக் குந்தியிருக்கும் கேட்சருக்குப் பக்கத்தில் ஒரு காலி வாளி. பிட்சர் தன் வாளியிலிருந்து எடுத்து வீச வேண்டும், கேட்சர் பிடித்துத் தன் வாளியில் போட வேண்டும். நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிட்டு வர வேண்டும். ஊர் உலகத்தில் மற்ற எல்லாரும் பிடித்த பந்தைப் பிட்சருக்கே திருப்பி எறிவார்கள். அப்படி எறிவதால் நேரம் வீணாகிறது, கேட்சரின் கவனம் சிதறுகிறது, எழுந்து எழுந்து உட்கார்ந்து முழங்கால் தேய்கிறது என்றெல்லாம் கையேடு சொல்கிறது. எல்லாம் பிற்பாடு கேள்வி கேட்டவர்களுக்காக நான் கட்டிய சப்பைக்கட்டு. உண்மை என்னவென்றால், எனக்குப் பந்தைத் திருப்பி எறிய வராது.

சிரிக்க வேண்டாம். ஓட்டக்காரர்கள் ஓடித் தொடும் தளங்களில் எட்டத்தில் இருக்கும் இரண்டாவது பேஸுக்கு எறியச் சொல்லுங்கள், நூற்று இருபத்தேழு அடி, இந்த நாற்பத்து நான்கு வயதிலும் குறி தப்பாமல் எறிகிறேன். அதில் பாதி தூரம்கூட இல்லாத மேட்டில் சும்மா நிற்கிற பிட்சருக்கு மெதுவாக ஒன்று எறியச் சொன்னால் கை பாதி வழியில் நின்றுபோகும். விரல் பந்தை விடாது. விட்டால் மேகத்துக்குப் போகும், இல்லையென்றால் என் காலடியிலேயே பொத்தென்று விழும். ஒரு ஆட்டத்தில் கேட்சர் நூற்று நாற்பது தடவை செய்கிற வேலை அது. வேறு எது வராவிட்டாலும் அது வந்தாக வேண்டும்.

இந்தக் கோளாறுக்கு ஒரு பெயர் உண்டு. ஆட்டக்காரர்கள் நாங்கள் அதை வாயால் சொல்ல மாட்டோம், ‘அது’ என்போம். ஒருவனுக்கு ‘அது’ வந்துவிட்டதென்று தெரிந்தால் மறுநாள் அவன் சாப்பிடும் மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள். அவன்மேல் கோபம் எதுவும் கிடையாது. ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்தான். நானே என் காலத்தில் அப்படி இரண்டு பேரைத் தனியாகச் சாப்பிட விட்டிருக்கிறேன்.

எனக்கு அது வந்தது பதினாறு வருஷத்துக்கு முன்னால், அயோவாவில் ப்ரேரி ஃபால்ஸ் என்ற ஊரில். அப்போது எனக்கு இருபத்தெட்டு. பத்து வருஷத்தில் எட்டு ஊர் மாறியிருந்தேன். நடுவில் ஒன்பது நாள் பெரிய அணியில் இருந்தேன், ஒன்பது நாளும் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மென்றேன். பிறகு புதுப் பையன்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கடைசிப் படி அணிக்கு இறக்கி அனுப்பினார்கள். அன்றைக்கு மேட்டில் நின்றவன் ஜார்ஜியாவிலிருந்து வந்த மெரிவெதர். பத்தொன்பது வயது, முதல் பருவம். மகன் வீசுவதைப் பார்க்க அவனுடைய அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் கார் ஓட்டி வந்திருந்தார்கள்.

ஆறாவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸில் ஓட்டக்காரன் நிற்கிறான். பந்தைப் பிடித்துத் திருப்பி எறிந்தேன். மெரிவெதர் தலைக்கு மேலே போய் மைதானத்தின் நடுவில் விழுந்தது. ஓட்டக்காரன் நிதானமாக நடந்து ஹோம் வந்து ஒரு ஓட்டம் எடுத்தான். கை வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் இன்னும் மூன்று பந்து அதேபோல் போனது, இன்னும் இரண்டு பேர் ஹோம் வந்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு பந்தையும் எழுந்து நடந்துபோய் அவன் கையில் கொடுத்தேன். அம்பயர் திட்டினார், கூட்டம் ஊளையிட்டது. அந்தப் பையன் என் முகத்தையே பார்த்தான். ஆட்டம் தோற்றது அவன் பெயரில்தான் எழுதப்பட்டது. மறுநாள் என்னைக் கழற்றிவிட்டார்கள்.

அப்புறம் ஐந்து வருஷம் மைத்துனனோடு சேர்ந்து ஊரார் வீட்டு நீச்சல் குளங்களைக் கழுவினேன். ஒரு நாள் பழைய சிநேகிதன் ஒருவன் போன் செய்து, ஃப்ளோரிடா முகாமில் அடிபட்டுத் தேறிவரும் பிட்சர்களுக்குப் பந்து பிடிக்க ஆள் வேண்டும் என்றான். ஆசை யாரை விட்டது? என் மனைவி ஜோனெல் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை பார்த்தாள். அங்கே வெள்ளரி ஊறுகாய் வந்திறங்கும் பெரிய வெள்ளை வாளிகள் சும்மா கிடக்கும். இரண்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு இது என்று சிநேகிதன் கேட்டான். “இது ஒரு முறைப்பா,” என்றேன். அதுதான் நான் சொன்ன முதல் பொய். பிட்சர்கள் கொஞ்ச நாள் பந்தை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

முகாமிலிருந்து கடைசிப் படி அணி, அங்கிருந்து அதற்கு மேல், அதற்கும் மேல் என்று பதினொரு வருஷம் படி ஏறினேன். கேட்சிங் கோச் வேலைக்கு ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு அக்டோபரிலும் போன் அடித்தால், இந்தத் தடவை நீக்கிவிட்டார்களோ என்று பயந்துகொண்டேதான் எடுப்பேன். பந்தைத் தடுப்பது, ஓரத்தில் வருகிற பந்தைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்து அம்பயரை ஏய்ப்பது, பிட்சர் வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்குத் திருடி ஓடுகிறவனை எறிந்து பிடிப்பது, எல்லாமே எனக்கு நன்றாகச் சொல்லித்தர வரும். இதை அடக்கத்தோடு சொல்லவில்லை, உண்மையாகவே நன்றாக வரும். ஆனாலும் எங்கே போனாலும் வாளி என்னோடு வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நேடீன் ஹாபெக் எங்கள் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவியாக வந்தாள். கையில் எப்போதும் ஒரு டேப்லெட் வைத்திருப்பாள், எதைப் பார்த்தாலும் அளப்பாள். என் கேட்சர்கள் ஒரு மணி நேரத்தில் மற்றவர்களைவிட நாற்பத்தொரு சதவீதம் அதிகமாகப் பந்து பிடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த மாதமே அணிச் சின்னம் போட்ட புது வாளிகள் வந்து இறங்கின, கூடவே கையேடும். போன நவம்பரில் போன் செய்தாள்.

“வெர்லின், ஓல்காட் ஓய்வு பெறுறார். பெரிய அணிக்குக் கேட்சிங் கோச்சா நீங்க வரணும்.”

“நானா?”

“வேற வெர்லின் யாராவது இருக்காங்களா?”

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் ஜோனெலைத் தூக்கிச் சுற்றினேன். இரண்டு சுற்றுச் சுற்றியபின்தான் ஓல்காட்டின் வழக்கம் ஞாபகம் வந்தது. அவளைக் கீழே இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓல்காட் இருபத்திரண்டு வருஷம் அந்த வேலையில் இருந்தவர். பிப்ரவரியில் முகாம் தொடங்கும் முதல் நாள், அணியின் முதல் பிட்சர் வீசும் முதல் இருபத்தைந்து பந்தை எந்தக் கேட்சரும் பிடிக்கக் கூடாது, கேட்சிங் கோச்தான் பிடிக்க வேண்டும் என்று அவர் வைத்திருந்தார். தன் கையில் வாங்காத பந்தைப் பற்றி மற்றவனுக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்த அணியில் அது சடங்காகவே ஆகிவிட்டது. எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்போது அந்த அணியின் முதல் பிட்சர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மெரிவெதர்தான். வயது முப்பத்தைந்து, தாடியில் நரை, நாட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்த முகம். அவனுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியில் ஒரே ஒரு பந்துதான். வீசிய அதே பந்து திரும்பி அவன் கையுறைக்கே வர வேண்டும். வேறு பந்தைத் தொடமாட்டான்.

“சொல்லிடு,” என்றாள் ஜோனெல். ‘அது’ இன்னும் என்னை விட்டுப் போகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எங்கள் வீட்டுக் கொல்லையில் அவளுக்கு எறிந்து பழகலாம் என்று பார்த்து, பக்கத்து வீட்டுக்காரனின் தக்காளிச் செடியை நாசம் பண்ணியிருக்கிறேன்.

“என்னன்னு சொல்றது? பந்து எறியத் தெரியாத கோச்னா? ஊறுகாய் விக்க அனுப்பிடுவாங்க.”

“பதினொரு வருஷமா டிமிக்கி குடுத்தாச்சு. இன்னும் எத்தனை வருஷம்? தூக்கத்துல கைய உதறுற, தெரியுமா உனக்கு?”

“பெருவிரல்ல கட்டுப் போட்டுக்கறேன். சுளுக்குன்னு சொல்லிடறேன்.”

“நல்லா இருக்கும். அடுத்த வருஷம் கால்ல போட்டுக்கோ,” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மெரிவெதர் ஆடிய ஆட்டங்களைத் திரையில் போட்டுப் பார்த்தேன். புது கோச் வேலையைத் தெரிந்தவன் என்று காட்ட வேண்டுமே. நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தேன்: ‘முதல் பேஸில் ஓட்டக்காரன் நின்றால் மெரி அங்கே எறிந்து அவனை மிரட்டுவதே இல்லை. தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்தாலும் எறியாமல் முதல் பேஸ் வரை ஓடிப்போய்க் கீழ்க்கையால் கொடுக்கிறான். சோம்பேறித்தனம், தலைக்கனம். பேச வேண்டும்.’ டிவிக்காரர்கள் அதையே, ஓட்டக்காரனை ஒரு பொருட்டாக மதிக்காத கம்பீரம் என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இதுகூடத் தெரியாத முட்டாள்கள் என்று டிவியைப் பார்த்துத் திட்டினேன்.

முதல் நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கே ஃப்ளோரிடா வெயில் சுள்ளென்றது. வலது பெருவிரலில் வெள்ளைக் கட்டு, இரண்டு கையிலும் இரண்டு வாளி என்று நான் பயிற்சி மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முப்பது பேர் வேலியில் சாய்ந்து நின்றார்கள். அணியின் முதல் கேட்சர் பெக்வெரோ விதை மென்றுகொண்டிருந்தான். நேடீன் டேப்லெட்டோடு நின்றாள். மெரிவெதர் மேட்டில் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் அவனை நேருக்கு நேர் பார்க்கிறேன். கை கொடுக்கக்கூட வரவில்லை.

“வாளி எதுக்கு?” என்று அங்கிருந்தே கேட்டான்.

“முறை,” என்றேன்.

“எடுத்து ஓரமா வை. எனக்கு ஒரு பந்து போதும்.”

வேலிப் பக்கம் சிரிப்பு கேட்டது. வாளிகளை ஓரமாக வைத்துவிட்டு வந்து குந்தினேன். முதல் பந்து வந்தது. அடடா, என்ன பந்து! பதினொரு வருஷத்தில் அப்படி ஒன்று என் கையுறையில் விழுந்ததில்லை. ஒரு நொடி எல்லாம் மறந்துபோய்ச் சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி, பந்து என் கையில் இருக்கிறது என்பது உறைத்தது. எழுந்து மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

“எங்க போற?” என்றான் மெரிவெதர்.

“பந்தைக் குடுக்க.”

“நடந்தா? எறிய வேண்டியதுதானே.”

“பெருவிரல் சுளுக்கு.” கட்டைத் தூக்கிக் காட்டினேன்.

“யோவ், நேத்து சாயங்காலம் பெக்வெரோவுக்கு ரெண்டாவது பேஸுக்கு அஞ்சு பந்து எறிஞ்சு காமிச்சியே, அப்ப அந்த விரல் லீவுல இருந்துச்சா?”

முப்பது பேரும் சிரித்தார்கள். பெக்வெரோ வேறு, “ஆமா கோச், செம எறி!” என்று எனக்கு உதவுவதாக நினைத்துச் சாட்சி சொன்னான். இனித் தப்ப வழியில்லை. திரும்பிவந்து கேட்சரின் இடத்தில், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வாங்கிய வீடு, அட்டைப்படச் சிரிப்பு, எல்லாம் கண்முன் ஓடியது. எறி, சும்மா எறி, குழந்தைகூட எறியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கையைத் தூக்கினேன். பழைய இடத்திலேயே கை நின்றது. விரல் விடவில்லை, அப்புறம் சம்பந்தமில்லாத ஒரு நேரத்தில் விட்டது.

பந்து மெரிவெதர் தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் போனது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை, தலையை மட்டும் நிமிர்த்தி அது போவதைப் பார்த்தான். பின்வேலியையும் தாண்டிக் கார்கள் நிறுத்துகிற இடத்தில் விழுந்தது. கண்ணாடி உடையும் சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு கார் அலறுகிற சத்தம்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதுதான் பயங்கரம். அங்கே நின்ற அத்தனை பேரும் ஆட்டக்காரர்கள், பார்த்த மாத்திரத்தில் ‘அது’ என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வேலியில் எனக்குக் கிட்டே நின்ற இரண்டு பேர் மெல்ல நகர்ந்து தள்ளிப் போனதை நான் பார்த்தேன். பெக்வெரோ மெல்லுவதை நிறுத்திவிட்டான். கார் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. குட்டு உடைந்தது, வேலை போயிற்று என்று நின்றேன்.

மெரிவெதர் மேட்டை விட்டு இறங்கி என்னைப் பார்த்து நடந்து வந்தான். அடிக்கப் போகிறானா என்றுகூட நினைத்தேன். பதினாறு வருஷத்துக் கடுப்பு, அடித்தாலும் நியாயம்தான். நானும் அவனை நோக்கி நடந்தேன், சும்மா நின்று அடி வாங்குவது எனக்குப் பிடிக்காது. நடு வழியில் சந்தித்தோம். கையுறையால் வாயை மறைத்துக்கொண்டான். உதட்டைப் படித்து யாரும் தெரிந்துகொள்ளாமல் இருக்க மேட்டில் எல்லாரும் செய்கிற பழக்கம் அது.

“இன்னும் போகலையா உனக்கு?” என்றான்.

“இல்ல.”

“பதினாறு வருஷமாவா?”

“ஆமா. மெரி, அன்னிக்கு உங்க அப்பா அம்மா முன்னாடி…”

“அத விடு. எனக்கு இருக்கு.”

“என்ன இருக்கு?”

“அது. முதல் பேஸுக்கு எனக்கு எறிய வராது. இருபத்தஞ்சு வயசுல வந்துச்சு. பத்து வருஷமா ஓடி ஓடிக் குடுக்கறேன், பாக்கலையா?”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். என் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. சோம்பேறித்தனம், தலைக்கனம், பேச வேண்டும். இந்த உலகத்திலேயே இதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான், மூன்று மாதம் திரையில் பார்த்துவிட்டுச் சோம்பேறி என்று எழுதிவைத்திருக்கிறேன்.

“நான் உன்னத் திமிர் பிடிச்சவன்னு நெனச்சேன்,” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் நெனக்கறாங்க. நல்லதாப் போச்சு.” கையுறைக்குப் பின்னால் அவன் கண் சிரித்தது. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தோள்ல வலின்னு என்ன ஒரு வாரம் சின்ன அணிக்கு அனுப்பினாங்க. அங்க ரெண்டு வாளி வெச்சிருந்தாங்க. ஏதோ வெர்லின் முறைன்னாங்க. டேய், நான் சிரிச்ச சிரிப்புல தோள் இன்னும் வலிச்சுது. முறையாம் முறை! நேடீன் ஓல்காட் எடத்துக்கு யார்னு கேட்டப்ப, இவன்தான் வேணும்னு நான்தான் சொன்னேன்.”

“நீயா? எதுக்கு?”

அவன் காலால் புல்லைத் தேய்த்தான்.

“தனியா இருந்து அலுத்துப் போச்சு,” என்றான்.

“அப்ப ஏண்டா எல்லார் முன்னாடியும் எறியச் சொன்ன? காதுல சொல்லியிருக்கலாமே, படுபாவி!”

“உனக்குச் சரியாயிருச்சான்னு பாக்கணும்னு இருந்துச்சு. ஆயிருந்தா எப்படின்னு கேட்டிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவனும் சிரித்தான். மைதானத்தின் நடுவில் இரண்டு தடியன்கள் வாயில் கையுறையை வைத்துக்கொண்டு குலுங்குவதை முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பதினாறு வருஷமாக நெஞ்சுக்குள் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தது போலவும், அந்த ஆள் எழுந்து போய்விட்டது போலவும் இருந்தது. மூச்சு தானாக அடிவயிறு வரை போய் வந்தது. அப்படியே புல்லில் படுத்துத் தூங்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

மீதி இருபத்து நான்கு பந்தும் பிடித்தேன். வண்டியடியில் கிடந்த அதே பந்தை ஒருத்தன் ஓடிப்போய் எடுத்து வந்தான். ஒவ்வொரு தடவையும் நான் பாதி வழி நடந்தேன், அவன் பாதி வழி நடந்து வந்து வாங்கிக்கொண்டான். மெரிவெதரைக் கேள்வி கேட்க அந்த அணியில் யாருக்கும் தைரியம் கிடையாது. முடிந்ததும் நேராக நேடீனிடம் போனேன். இவ்வளவு ஆனபின் பூசி மெழுக எனக்கு மனமில்லை.

“நேடீன், முறைன்னு ஒண்ணும் கிடையாது. எனக்குப் பந்தைத் திருப்பி எறிய வராது. பதினாறு வருஷமா வராது. அதை மறைக்கத்தான் வாளி. கையேட்டுல இருக்கறதெல்லாம் நான் கதை கட்டினது.”

அவள் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “நாப்பத்தொரு சதவீதம்?”

“என்ன?”

“ஒரு மணி நேரத்துல உங்க பசங்க நாப்பத்தொரு சதவீதம் அதிகமா பந்து பிடிக்கறாங்களே, அதுவும் கட்டினதா?”

“இல்ல. அது நெஜம். நீங்கதானே அளந்தீங்க.”

“அப்ப எனக்கு என்ன? நீங்க எதுக்காகக் கண்டுபிடிச்சா எனக்கென்ன?”

“என் வேலை?”

“பெக்வெரோ தாழ்வா வர்ற பந்தை எடது பக்கம் விட்டுடறான். போன வருஷம் இருபத்தாறு தடவை. அதைச் சரி பண்ணுங்க, அதான் உங்க வேலை.” திரும்பி நடந்தவள் நின்றாள். “அப்புறம் வெர்லின், அது என் கார்.”

ஜோனெலுக்குப் போன் செய்தேன். சாப்பாட்டு அறையில் தட்டு மோதும் சத்தத்துக்கு நடுவே எடுத்தாள்.

“சொல்லிட்டேன்,” என்றேன்.

“யாருகிட்ட?”

“எல்லார்கிட்டயும். வேலை போகல.”

நான் மூக்கை உறிஞ்சியது அவளுக்குக் கேட்டுவிட்டது. “அழறியா?” என்றாள்.

“வெயில் கண்ணைக் கூசுது.”

“எனக்கும் இங்க வெங்காயம்,” என்றாள். அன்றைக்கு மெனுவில் வெங்காயமே இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மதியம் சாப்பாட்டு அறைக்குத் தட்டோடு போனேன். பழக்க தோஷம், நானாகவே மூலையில் காலியாக இருந்த மேசையில் உட்கார்ந்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும், அவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. பன்றிக் கறியும் சோளமும் சாப்பிட ஆரம்பித்தேன். எதிரில் ஒரு தட்டு வந்து விழுந்தது.

“தள்ளு,” என்றான் மெரிவெதர். உட்காரவில்லை. அறையைப் பார்த்துத் திரும்பி, மைதானத்தில் கத்துகிற அதே குரலில் சொன்னான்: “எல்லாரும் கேட்டுக்கோங்க. முதல் பேஸுக்கு எனக்கு எறிய வராது. பத்து வருஷமா வராது. கம்பீரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது இந்த அறைய விட்டு வெளிய போச்சுன்னா எவன் சொன்னான்னு கண்டுபிடிச்சிருவேன். இப்ப சாப்பிடுங்க.”

இந்தப் பருவத்தோடு அவன் ஓய்வு பெற்றுவிட்டான், வெளியே சொல்லலாம் என்று அவனே அனுமதி கொடுத்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு அந்த அறையில் முதல் ஆளாகப் பெக்வெரோ தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் மேசைக்கு இரண்டடி முன்னால் நின்று, “ஒட்டாதுல்ல?” என்று கேட்டான்.

“ஒட்டும்,” என்றான் மெரிவெதர். “உக்காரு.”

பெக்வெரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததும் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

அன்று பிற்பகல் அறைக்குப் போய், காலணியைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கினேன். கையை உதறினேனா என்று சொல்ல பக்கத்தில் ஆளில்லை. உதறியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

எறி ஒன்றும் சரியாகிவிடவில்லை. மறுநாள் காலையிலும் முதல் பந்தைப் பிடித்தபின் துணிச்சலாக ஒன்று எறிந்து பார்த்தேன், மூன்று குதி குதித்துப் பக்கத்து மேட்டுக்குப் போனது. மெரிவெதர் அங்கே போய்ப் பொறுமையாக அதைப் பொறுக்கிக்கொண்டு, “நேத்தைக்கு இன்னிக்குத் தேவல, காரு பொழச்சுது,” என்றான். அடுத்த பந்திலிருந்து பழையபடி நடந்தோம். முப்பதடியில் சந்திப்பது, பந்தைக் கொடுப்பது, அந்தப் பந்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவது, திரும்புவது. “கொஞ்சம் மேல வந்துச்சு.” “தெரியும், விரல் தாமதமாச்சு.” இப்படி.

வேலிப் பக்கம் நேடீன் நின்று அளந்துகொண்டிருந்தாள். இருபத்தைந்தும் முடிந்தபின் என்னைக் கூப்பிட்டாள். அவள் கண்ணில் எனக்குப் பழக்கமான ஒரு வெளிச்சம் தெரிந்தது.

“வெர்லின், மெரி கடைசிப் பத்துப் பந்துல குறி தப்பவே இல்ல. ஒவ்வொரு பந்துக்கும் நடுவுல நடந்து வந்து பேசறீங்களே, அதனாலயா இருக்கும். எல்லா அணிக்கும் கொண்டுபோகலாம். இந்த முறைக்கு என்ன பேரு?”

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஊறுகாய் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டது போலவே ஒரு கேள்வி. நான் மெரிவெதரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மேட்டில் நின்று தலையை ஆட்டினான், சொல்லு என்று.

“எறியத் தெரியாத ரெண்டு பேர்,” என்றேன்.

நேடீன் அதை அப்படியே டேப்லெட்டில் எழுதிக்கொண்டாள்.